இன்னும் பிறக்காத தொழிலாளிகள்

ஊ பர்னபாஸுக்கு வாழ்க்கையில் இரண்டு பெருமைகள். ஒன்று அவருடைய கையெழுத்து. மற்றது, ஐம்பத்தெட்டு வயது வரை ஒரு பொய்யான தேதியைக்கூட எழுதியதில்லை என்பது. இரண்டாவதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவராகத்தான் சொல்வார்.

பெயருக்கு முன்னால் வரும் 'ஊ' பர்மாவில் பெரியவர்களுக்குப் போடும் 'திரு', பெண்களுக்கு 'டோ'. வீடு தன்லியினில், வேலை லைங் தாயாவில். ரங்கூனின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, பாலம் கடந்து, இரண்டு பஸ் மாறிப் பதினான்கு வருடமாகப் போய் வந்துகொண்டிருந்தார். வெளிநாட்டுக் கடைகளுக்கு மழைக்கோட்டும் ஜாக்கெட்டும் தைக்கிற தொழிற்சாலை அது. ஆயிரத்து நூற்று நாற்பது பேர், பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய பெயர், ஊர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி எல்லாவற்றையும் ஏழு பெரிய பதிவேடுகளில் எழுதிவைப்பதுதான் அவர் உத்தியோகம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். நாள், மாதம், வருடம் என்ற வரிசையில்தான் எழுதுவார். மாதத்தை முதலில் எழுதுகிறவர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

வேலைக்கு வருகிற எல்லாருக்கும் பிறந்த தேதி இருந்துவிடாது. டெல்டா பக்கத்திலிருந்து வந்தவர்களில் பலருடைய காகிதங்கள் நர்கிஸ் புயலோடு போய்விட்டன. சிலருக்குக் காகிதம் என்று ஒன்று முதலிலிருந்தே இல்லை. மற்ற தொழிற்சாலைகளில் இப்படிப்பட்டவர்களுக்கெல்லாம் ஜனவரி ஒன்று என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். பர்னபாஸ் அதைச் செய்யமாட்டார். அந்தப் பெண்ணே தன் வயதை உத்தேசமாகச் சொன்னால், தேதிக் கட்டத்தில் ஆங்கிலத்தில் 'அபௌட் 40' என்று எழுதுவார். கூட வந்த சொந்தக்காரர் சொன்னால் 'மேபி 40'. ஒவ்வொரு ஜனவரியிலும் அந்த வயதில் ஒன்றைக் கூட்டித் திருத்துவார். 'அபௌட்'டுக்கும் 'மேபி'க்கும் உள்ள இந்த நுட்பமான வித்தியாசம் பூமியில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதனால் அதன் மதிப்பு குறைந்துவிட்டதாக அவர் நினைக்கவில்லை.

"யார் யாரோ பொம்பளைங்களுக்குப் பிறந்த நாள் இல்லையேன்னு உருகுறீங்க. என் பிறந்த நாள் எப்பன்னு தெரியுமா?" என்று ஒருமுறை அவர் மனைவி செசிலியா கேட்டாள்.

தேதி, மாதம், வருடத்தோடு கிழமையையும் சேர்த்துச் சரியாகச் சொன்னார். முப்பது வருடத்தில் அந்தத் தேதிக்கு ஒரு கைக்குட்டைகூட வாங்கித் தந்ததில்லை என்பது அவருக்கு அப்போதும் உறைக்கவில்லை.

போன வருடம் மேனேஜராக ஜாபிர் வந்தார். சிங்கப்பூரில் ஆறு மாதப் பயிற்சி முடித்தவர். வந்த வாரமே 'காகிதமில்லாத தொழிற்சாலை' என்று பெரிய எழுத்தில் அச்சடித்துப் பதினோரு காகிதங்களைச் சுவர்களில் ஒட்டினார். பிறகு பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சுரேந்திரன் என்ற புரோகிராமரை அமர்த்தினார். இருபத்தேழு வயது. அப்பா தமிழர், அம்மா பர்மியப் பெண். தமிழ் புரியும், பேச்சில் பாதி பர்மியம். மிங்கலாடோனில் வீட்டிலிருந்தபடியே வேலை செய்வான். கரண்டு இருக்கிற நாளில் வேலை நடக்கும். இல்லாத நாளில் தொழிற்சாலை ஜெனரேட்டரைத் தேடி நேரில் வருவான்.

பிப்ரவரியிலிருந்து நான்கு மாதம் பர்னபாஸ் ஒற்றை விரலால் ஆயிரத்து நூற்று நாற்பது பேரையும் தட்டினார். கடைசி ஆளையும் தட்டி முடித்த அன்று சுரேந்திரனைப் பிடித்துக்கொண்டார்.

"தேதியெல்லாம் எப்படிப் போட்டிருக்கேன்னு ஒரு தடவை பார்த்துடுப்பா."

"வேணாம் அங்கிள். நான் எழுதுற லாங்வேஜுக்குத் தேதி படிக்கத் தெரியும். தேதின்னு எதைக் குடுத்தாலும் அதுவே புரிஞ்சுக்கும்."

"எதைக் குடுத்தாலுமா?"

"எதைக் குடுத்தாலும். கெய்ச மஷிபூ" என்றான். பிரச்சினையே இல்லை என்று அர்த்தம். பர்மாவில் பிரச்சினைகள் பெரும்பாலும் இந்த வார்த்தைக்குப் பிறகுதான் ஆரம்பமாகும்.

ஜூலை மாதம், இரண்டாவது திங்கட்கிழமை, நல்ல மழை. வாசலில் புதிதாக ஒரு பெட்டி. அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்க வேண்டும். திறக்காவிட்டால் சிவப்பு விளக்கும், பக்கத்திலிருக்கும் திரையில் காரணமும் வரும். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தாலும் அறுபதுக்கு மேலே போனாலும் சிவப்பு. குழந்தைகளை வேலைக்கு வைத்தால் வெளிநாட்டுக் கடைக்காரர்கள் ஆர்டரை நிறுத்திவிடுவார்கள் என்பதால் ஜாபிர் அதில் குறியாக இருந்தார்.

காவலாளி அஸ்கர் திரையைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தான். முதல் பெண்ணுக்குப் 'பிறந்த தேதி செல்லாது' என்று வந்தது. அடுத்தவளுக்கும் செல்லாது. மூன்றாவது பெண் உள்ளே போனாள். அதன்பின் வரிசையாக நான்கு பேருக்குச் செல்லாது. குடை இல்லாதவர்கள் குடை வைத்திருந்தவர்களிடம் ஒண்டினார்கள். பஸ்கள் ஆளை இறக்கிவிட்டுக்கொண்டே இருந்தன.

தனபாக்கியத்தின் முறை வந்தது. ஒன்பது வருடமாகக் காலர் தைக்கிறவள். பதிவேட்டில் 'அபௌட் 49'. அட்டையைக் காட்டினாள். சிவப்பு. அஸ்கர் திரையை இரண்டு தரம் வாசித்தான்.

"அக்கா, உங்களுக்கு வயசு பத்தல."

"எவ்வளவு பத்தல?"

அவன் விரல்விட்டு எண்ணினான். "நாப்பத்திரெண்டு வருஷம். 2049-ல பிறக்கப் போறீங்கன்னு போட்டிருக்கு. இப்ப மைனஸ் இருபத்தி நாலு."

அவளுக்குப் பின்னால் நின்றது அவளுடைய அக்கா ராணி. ஒரு வயது மூத்தவள், 'அபௌட் 50'. அவளுக்கும் சிவப்புதான், ஆனால் காரணம் வேறு. 1950-இல் பிறந்தவள், வயது எழுபத்தைந்து, ஓய்வு பெற்றிருக்க வேண்டும் என்றது திரை. ஒரே வயிற்றில் அடுத்தடுத்துப் பிறந்தவர்களுக்கு நடுவே தொண்ணூற்றொன்பது வருட இடைவெளி விழுந்திருந்தது.

"எங்கம்மா பாவம்" என்றாள் ராணி.

ஏழரை மணிக்கு ஜாபிர் காரிலிருந்து இறங்கினார். உள்ளே நானூற்றுச் சொச்சம் பேர், வெளியே மழையில் எழுநூறு பேர். பர்னபாஸ் குடையோடு ஓடிவந்து, மெஷின் தப்பாகச் சொல்கிறது என்றார். ஜாபிர் சிரித்தார்.

"சிஸ்டம் சும்மா சொல்லாது. அதுல இருக்கிறது நீங்க குடுத்த டேட்டா. அடுத்த வியாழக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் வர்றாங்க. வயசு கம்மின்னு காட்டுற ஒவ்வொருத்தரும் வார்டு ஆபீஸ்ல லெட்டர் வாங்கிட்டு வரட்டும்."

"என்ன லெட்டர் சார்?"

"பிறந்துட்டாங்கன்னு."

"நேர்ல நிக்கிறாங்களே சார்."

"நிக்கிறது ரெக்கார்டு ஆகாது, ஊ பர்னபாஸ்."

ஆனால் நானூறு பேரை வைத்துக்கொண்டு எந்த லைனும் ஓடாது. ஒருத்தி கை தைக்க, ஒருத்தி காலர் தைக்க, ஒருத்தி ஜிப் வைக்க என்று கோத்த வேலை. ஒன்பது மணிக்கு ஜாபிர் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிடச் சொன்னார். தற்காலிக ஏற்பாடு என்று நோட்டீசும் ஒட்டினார், அது பன்னிரண்டாவது காகிதம். பிறக்காதவர்களும் செல்லாதவர்களும் உள்ளே போய் வழக்கமான கணக்குக்குக் குறையாமல் தைத்தார்கள். தனபாக்கியம் மறுநாள் அரை நாள் லீவு போட்டு வார்டு ஆபீசுக்கும் போனாள். அங்கே இருந்தவர், பிறந்துவிட்டதாக லெட்டர் தர வேண்டுமானால் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார். அது இருந்தால் அவள் ஏன் அங்கே போகிறாள்?

பர்னபாஸுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவமானம் ஒரு பக்கம், நீங்க குடுத்த டேட்டா என்ற வார்த்தை ஒரு பக்கம். சிவப்பு விழுந்தவர்களின் பட்டியலைக் காகிதத்தில் அச்சடித்து வாங்கி, பதிவேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பதின்மூன்றாம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை பிறந்த அத்தனை பேரும் செல்லாதவர்கள். பன்னிரண்டுக்குள் பிறந்தவர்கள் எல்லாரும் செல்லுபடி. கம்ப்யூட்டரில் தன் பெயரைத் தேடினார். நவம்பர் ஏழில் பிறந்தவரை அது ஜூலை பதினொன்றில் பிறந்தவராகக் காட்டியது. அப்போதுதான் பிடிபட்டது. இந்த மெஷின் மாதத்தை முதலில் படிக்கிற ஜாதி. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அதற்குமேல் பிறந்தவர்களை ஒதுக்கிவிட்டிருக்கிறது. அந்த ஜாதியைப் பற்றித் தான் வைத்திருந்த அபிப்பிராயம் சரிதான் என்பதில் அவருக்குக் கொஞ்சம் திருப்திகூட ஏற்பட்டது.

புதன்கிழமை கரண்டு போய், சுரேந்திரன் ஜெனரேட்டரைத் தேடி வந்தான். பர்னபாஸ் காகிதங்களை அவன் முன் பரப்பினார். அவன் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அந்த லாங்வேஜ் அமெரிக்கால செஞ்சது அங்கிள். அங்க மாசம்தான் முதல்ல. இதை நான் பார்த்திருக்கணும்."

"சரி. 'அபௌட் 49' எப்படி 2049 ஆச்சு?"

"தெரியல" என்று அந்த வார்த்தைகளை அப்படியே தட்டிப் பார்த்தான். 2049 ஜனவரி ஒன்று என்றது. ஐம்பது என்று மாற்றினான், 1950 என்றது. "புரியாத வார்த்தையைத் தள்ளிட்டு நம்பரை மட்டும் எடுத்துக்குது. நாப்பத்தொன்பது வரைக்கும் இந்த நூற்றாண்டு, ஐம்பதுலேருந்து போன நூற்றாண்டு."

"இந்த 'மேபி 44' மட்டும் ஏன் மே மாசம் ஒண்ணாம் தேதி?"

சுரேந்திரன் திரையை உற்றுப் பார்த்தான். "மேபியில மே இருக்குல்ல? மே மாசம்னு நினைச்சுக்கிச்சு."

'மேபி' என்று எழுதப்பட்ட ஒன்பது பெண்களும் தொழிலாளர் தினத்தன்று பிறந்தவர்கள் ஆகியிருந்தார்கள். பர்னபாஸ் அவனிடமிருந்து கீபோர்டை வாங்கி, ஒற்றை விரலால் ஆங்கிலத்தில் தன் பெயரைத் தட்டி, பக்கத்தில் 5 என்று போட்டார். 2001 மே முதல் தேதி என்றது மெஷின், சற்றும் தயங்காமல்.

"என் பேரு ஒரு தேதியாப்பா?"

"அதுக்குத் தெரியலைன்னு சொல்ல வெட்கம் அங்கிள். ஏதாவது ஒண்ணு சொல்லிடும்."

பர்னபாஸுக்கு மேனேஜர் ஞாபகம் வந்தது. அதற்குள் சுரேந்திரன் முந்திக்கொண்டான். "நான் ஒண்ணு கேக்கட்டுமா? பிறந்த தேதின்னு இருக்கிற கட்டத்துல யாராவது மேபின்னு எழுதுவாங்களா?"

பதினான்கு வருடத்தில் முதல்முறையாக அந்த நுட்பமான வித்தியாசத்தை ஒருவனுக்கு விளக்க வாய்ப்புக் கிடைத்தது. விளக்கினார். கேட்டு முடித்துவிட்டு, "டீ குடிக்கலாமா அங்கிள்?" என்றான் அவன்.

அந்த வாரக் கடைசிக்குள் சுரேந்திரன் எல்லாவற்றையும் மாற்றி எழுதினான். நாள் முதலில், மாதம் பிறகு. உத்தேச வயதுக்காரர்கள் அறுபத்து மூன்று பேரையும் தனியாக ஒதுக்கி வைத்தான். ஜாபிர் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொருவரின் அட்டையிலும் பிறந்த கிழமையையும் அந்தக் கிழமைக்கான மிருகத்தின் படத்தையும் போட்டால் பர்மியப் பெண்கள் சந்தோஷப்படுவார்கள், இன்ஸ்பெக்‌ஷனுக்கும் பார்க்க அழகாக இருக்கும் என்றார். பர்மியர்களுக்குப் பிறந்த கிழமை சாதாரண விஷயம் இல்லை. பெயரின் முதல் எழுத்திலிருந்து பகோடாவில் எந்த மூலையில் தண்ணீர் ஊற்றுவது என்பது வரை அதை வைத்துத்தான். அந்த யோசனை நல்ல யோசனைதான். கிழமை சரியாக இருந்திருந்தால்.

அடுத்த புதன்கிழமை காலை புது அட்டைகள் வந்தன. நான்காவது லைனின் சூப்பர்வைசர் டோ நூ நூ தன் அட்டையை வாங்கிப் பார்த்தாள். சனிக்கிழமை பிறந்தவள், அவளுக்கு நாகம். அட்டையில் கினிப்பன்றி இருந்தது. அது வெள்ளிக்கிழமைக்கானது.

அவள் சத்தம் போடவில்லை. தையல் மெஷின்களின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நாற்பது பெண்களையும் கூட்டிக்கொண்டு பர்சனல் ஆபீசுக்கு வந்து, அட்டையைப் பர்னபாஸின் மேஜைமேல் வைத்தாள்.

"ஊ பர்னபாஸ், என் பேரு 'ந'வில ஆரம்பிக்குது. வெள்ளிக்கிழமை பிறந்தவளுக்கு யாராவது 'ந'வில பேரு வைப்பாங்களா?" என்று பர்மிய மொழியில் கேட்டாள்.

அவர் மற்ற அட்டைகளையும் பார்த்தார். சிங்கம் எல்லாம் புலியாகியிருந்தன. கருடன் எல்லாம் நாகம். எலியாக இருந்த வியாழக்கிழமைக்காரிகள் மட்டும் புதன்கிழமை யானையாக உயர்ந்திருந்தார்கள், அவர்கள் அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு பின்னால் நின்றார்கள். தொழிற்சாலை மொத்தமும் ஒரு நாள் முன்னதாகப் பிறந்திருந்தது.

சுரேந்திரனுக்குப் போன் போட்டார். மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"அங்கிள், தேதியைச் சேர்த்து வைக்கிறப்ப அது லண்டன் நேரத்துக்கு மாத்தி வச்சிருக்கு. நமக்கு நள்ளிரவுன்னா அங்க முந்தின நாள் சாயங்காலம் அஞ்சரை. நேரத்தை வெட்டிட்டுத் தேதியை மட்டும் எடுத்தேன். முந்தின நாள் வந்திடுச்சு."

"லண்டன்காரன் இங்கேருந்து போயி எழுபத்தேழு வருஷம் ஆச்சேப்பா."

"சரி பண்ணிடறேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள."

இன்ஸ்பெக்‌ஷன் நாளைக்குக் காலையில்.

வந்தவர் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி, கூட மொழிபெயர்ப்புக்கு ஒருவர். ஜாபிர் அவருக்குப் பச்சை விளக்கைக் காட்டினார், திரையைக் காட்டினார். அந்தப் பெண்மணி தலையாட்டிவிட்டு உள்ளே போய், தானாகவே இருபது பேரைப் பொறுக்கி எடுத்து, பிறந்த தேதி என்ன என்று ஒவ்வொருவரையும் கேட்டார். பிறகு அட்டையிலிருந்த தேதியைப் பார்த்தார். இருபதில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. டோ நூ நூ, கேட்காமலேயே, கினிப்பன்றியைப் பற்றியும் விரிவாகச் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் அதைச் சுருக்கிச் சொல்ல ரொம்பச் சிரமப்பட்டார்.

"இவற்றுக்கு மூலம் எது?" என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

ஜாபிர் பர்னபாஸைப் பார்த்தார். பர்னபாஸ் ஏழு பதிவேடுகளையும் ஸ்டோர் ரூமிலிருந்து சுமந்து வந்தார். போன மாதமே அவற்றைப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போடும்படி உத்தரவு. மழை விடட்டும் என்று தள்ளிப்போட்டு வைத்திருந்தார். இருபது பெயர்களும் சரிபார்க்கப்பட்டன. பதினெட்டு சரியாக இருந்தன. ஒன்றில் 'அபௌட் 38' என்றும் இன்னொன்றில் 'மேபி 36' என்றும் இருந்தது.

"இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

பர்னபாஸ் சொன்னார். அந்தப் பெண்மணி சிரிக்காமல் எழுதிக்கொண்டார். வாழ்நாளில் அதைக் கேட்டு எழுதிக்கொண்ட ஒரே மனிதர் அவர்தான்.

அறிக்கை நல்லபடியாக வந்தது. மூலப் பதிவுகள் நம்பகமாகப் பேணப்பட்டுள்ளன என்று ஒரு வரி. அந்த வரியைப் பெரிதாக்கி ஜாபிர் சுவரில் ஒட்டினார், கீழே தன் கையெழுத்தோடு. தலைமை அலுவலகத்திலிருந்து அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. பர்னபாஸுக்கும் கடிதம் வந்தது. பிறந்த தேதிக் கட்டத்தில் தேவையற்ற ஆங்கிலச் சொற்களை எழுதி, நிறுவனத்தின் கம்ப்யூட்டர் முறைக்கு இடையூறு செய்ததற்காக விளக்கம் கேட்டு. அறுபத்து மூன்று பேருக்கும் ஜனவரி ஒன்று என்று போடும்படியும் அதில் உத்தரவு இருந்தது.

கடிதத்தைச் செசிலியா வாசித்தாள். "போட்டுட்டுப் போங்களேன். அந்தப் பொம்பளைங்களுக்கு அதால என்ன கெட்டுப்போகுது?"

"பொய்யில்லையா அது?"

"மேபின்னு எழுதுறது மட்டும் வேதவாக்கா?"

இரண்டு நாள் யோசித்தார். விளக்கக் கடிதம் எழுதினார், அழகான கையெழுத்தில், மன்னிப்புக் கேட்டு. ஆனால் ஜனவரி ஒன்று போட அவருக்குக் கை வரவில்லை. அறுபத்து மூன்று பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பிறந்த நாள் எது என்று தெரியாவிட்டால் எது பிடிக்கும் என்று கேட்டார். அவர்களே சொன்ன தேதி என்றால் அது தான் சொன்ன பொய் ஆகாது என்று மனசுக்குள் ஒரு ஏற்பாடு. சிலர் மூத்த பிள்ளை பிறந்த நாளைச் சொன்னார்கள். ஒருத்தி நட்சத்திரம் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று இரண்டு வாரம் இழுத்தடித்தாள். ராணி டிசம்பர் இருபத்தைந்து என்றாள்.

"நீ கோயிலுக்குப் போற பொண்ணாச்சே."

"அன்னைக்கு லீவு ஐயா. ஊரே கேக் சாப்பிடுது. நான் தனியா வாங்க வேண்டாம் பாருங்க."

தனபாக்கியம் மட்டும் சொல்லவில்லை. "தெரியாததை நான் எப்படி ஐயா சொல்றது? தெரியலைன்னே எழுதிக்கோங்க."

பர்னபாஸுக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று. தேதிக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, சேமிக்கும் பொத்தானை அழுத்தினார். மெஷின் மறுப்புச் சொல்லவில்லை. வெறுமையாகவே ஏற்றுக்கொண்டதே என்று முதல்முறையாக அதன்மேல் ஒரு மரியாதை வந்தது. இதற்கிடையில் சுரேந்திரன் பாங்காக்கில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

பிறந்த நாள்காரர்களின் பெயரை லவுட் ஸ்பீக்கரில் சொல்லி, பர்மியப் பெண்கள் உடுத்தும் தமெய்ன் லுங்கி ஒன்றைப் பரிசாகத் தருவது ஜாபிர் கொண்டுவந்த இன்னொரு வழக்கம். புது வருட லீவு முடிந்து வேலை தொடங்கிய அன்று அவரே மைக்கைப் பிடித்தார். ஐம்பத்தாறாவது பிறந்த நாள் காணும் டோ தனபாக்கியத்துக்கு வாழ்த்து என்றார். பர்னபாஸ் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். 1970 ஜனவரி ஒன்று என்றிருந்தது.

பாங்காக்குக்குச் செய்தி அனுப்பினார். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "ஒண்ணுமே இல்லைன்னா அதுக்குப் பூஜ்யம் அங்கிள். பூஜ்யம்னா 1970 ஜனவரி 1. அங்கிருந்துதான் அது நேரத்தை எண்ண ஆரம்பிக்கும்."

சாப்பாட்டு நேரத்தில் தனபாக்கியத்தைக் கூப்பிட்டார். தமெய்னை மடித்துக் கையில் வைத்திருந்தாள். பச்சையில் மஞ்சள் பூ.

"தப்பாப் பதிவாயிருக்கும்மா. உனக்கு ஆறு வயசு கூடப் போட்டிருக்கு. நான் மேனேஜர்கிட்டச் சொல்லி மாத்தச் சொல்றேன்."

"அறுபது ஆனா ரிட்டயர் பண்ணுவாங்க இல்லையா ஐயா?"

"ஆமா."

"உங்க புஸ்தகத்துப்படி எனக்கு இன்னும் எத்தனை வருஷம்?"

"பத்து."

"மெஷின்படி?"

"நாலு."

"அப்ப மெஷினே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சாப்பிட உட்கார்ந்திருந்த அக்காவிடம் தமெய்னைக் காட்டப் போனாள்.

பர்னபாஸ் அன்று மாலை ஏழாவது பதிவேட்டைத் திறந்தார். ஒவ்வொரு ஜனவரியிலும் செய்வதுபோல, அவள் பெயருக்கு நேரே 'அபௌட் 49' என்பதை அடித்து, 'அபௌட் 50' என்று எழுதினார். மேனேஜரிடம் எதுவும் சொல்லவில்லை. பேனாவை மூடிவிட்டு, தன்லியின் போகிற பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.